காலராவின் குட்டை உடைத்த கல்கத்தா டாக்டர்: யார் இந்த சம்புநாத் டே?

புதுவயல் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வெறும் உப்பும் குளுக்கோஸும் உயிரை எப்படிக் காப்பாத்துது? அது புரிய, காலரா உடம்புக்குள்ள என்ன செய்யுதுன்னு தெரியணும். அதற்கு வழி திறந்தவர் சம்புநாத் டே.

1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, 1949-ல் லண்டனில் பிஎச்.டி. முடித்து ஊர் திரும்பினார்.

முயல் குடலில் கிடைத்த விடை

காலரா கிருமி நச்சு ஒன்றைச் சுரக்கிறது என்று 1884-லேயே ராபர்ட் கோச் ஊகித்திருந்தார். ஆனா நிரூபணம் இல்லை. பலரும் கிருமியை விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். டே நேரா குடலுக்கே போனார். முயல் குடலின் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, நடுவில் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி நீரால் உப்பியிருந்தது. இது 1953-ல் வெளியானது.

அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாமல் செலுத்தினார். அப்பவும் நீர் நிரம்பியது. ஆக, குற்றவாளி நச்சுதான். 1959-ல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

நச்சு என்ன செய்யுது?

செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. வெளியிலிருந்து வரும் சேதியை அவை வாங்கி, உள்ளே இருக்கும் ஜி-புரதத்திடம் தரும். ஜி-புரதம் ஒரு சுவிட்ச் மாதிரி: ஆன் ஆகும், வேலை முடிந்ததும் தானே ஆஃப் ஆகும். காலரா நச்சு உள்ளே புகுந்து, ஆஃப் ஆக விடாமல் அதைப் பூட்டிவிடும். சைக்ளிக் ஏ.எம்.பி. எகிறும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், பின்னாலேயே தண்ணீரும் போகும். நோய் தீவிரமானால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பு.

ஆனா குளுக்கோஸோடு சேர்த்து சோடியத்தை உறிஞ்சும் வழியை நச்சு கெடுப்பதில்லை. ஓ.ஆர்.எஸ். நுழைவது அந்த வழியில்தான்.

ஜி-புரத ஆய்வுக்கு இதே நச்சு பிற்பாடு முக்கியக் கருவியானது. அந்தப் புரதங்களைக் கண்டறிந்த கில்மன், ராட்பெல் இருவருக்கும் 1994-ல் நோபல் கிடைத்தது. ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால், பிபிக்குத் தரும் பீட்டா பிளாக்கர் எல்லாம் ஜி-புரதத்தோடு இணைந்த ஏற்பிகளில்தான் வேலை செய்கின்றன.

கிடைக்காத மரியாதை

டேயின் பெயரை ஜோஷுவா லெடர்பெர்க் நோபலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கும் அழைப்பு வந்தது. ஆனால் இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1985-ல் காலமானார். 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.