செங்கோட்டு மண் தந்த திரைப் பொறியாளர்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோடம்பாக்கத்திலிருந்தே தொடங்குவர். கொங்கு நாட்டார்க்கு அது முழுமையான வரலாறாகத் தோன்றுவதில்லை. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலை எழுப்பியதும், சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் படங்களை ஆக்கியளித்ததும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கியதும் இம்மண்ணில் நிகழ்ந்தவையே. அந்த மாடர்ன் தியேட்டர்சை நிறுவிய டி.ஆர். சுந்தரம் அவர்களின் வாழ்வைப் பாவலர்களாகிய நாம் தனியே எண்ணிப் பார்க்கக் காரணம் உண்டு. நாம் இழந்த காப்பியங்கள் இரண்டினைத் திரைக்குக் கொணர்ந்தவர் அவர். அவரோ கருவிகளை நன்கறிந்த தொழில்நுட்பர்.

சுந்தரம் 1907-இல் திருச்செங்கோட்டில், துணித்தொழிலில் சிறந்த குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். ஆங்கிலப் பெண்மணியை மணந்து தாயகம் திரும்பினார். நூல் வணிகத்தில் நின்றிருக்க வேண்டியவரைத் திரைப்படம் ஈர்த்துக்கொண்டது. (நூற்ற இழைக்கும் எழுதிய ஏட்டுக்கும் நூல் என்றே பெயர் வைத்த மொழியில் இது வியப்பன்று.)

அந்நாளில் தமிழ்ப் பேசும்படம் எடுக்க விரும்பியோர் நடிகர் குழுவுடன் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ தொடர்வண்டி ஏற வேண்டும். சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தாருடன் இணைந்து தொழில் பழகிய சுந்தரம், அப்பயணம் வீண் எனக் கண்டு, 1935-இல் ஏற்காட்டு மலையடிவாரத்தில் சொந்தப் படநிலையம் அமைத்தார். 1937-இல் முதற்படமாகிய சதி அகல்யா வெளிவந்தது. மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய பாலன் அடுத்த ஆண்டே அங்கு உருவாயிற்று. ஆலையின் ஒழுங்கினைப் படநிலையத்திலும் அவர் கடைப்பிடித்தார் என்பதும், காலந்தவறாமையில் கண்டிப்பானவர் என்பதும் பலரும் அறிந்தவை.

1940-இல் அவர் இயக்கிய உத்தம புத்திரனில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். தமிழ்த்திரையில் அதுவே முதல் இரட்டை வேடம் என்பர். அக்காலத்தில் ஒருவரை இருவராகக் காட்டுவது எளிதன்று. கேமராவை அசையாமல் நிறுத்தி, ஆடியின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, பின் அதே படச்சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபாதியில் எடுக்க வேண்டும். நடிகர் எதிரில் இல்லாத தம்மோடு தாமே காலம் பிசகாமல் உரையாட வேண்டும். இத்தனை வருத்தமும் வித்தை காட்டுவதற்காக அன்று. பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அப்படத்தில், உருவொத்த உடன்பிறப்புகளை ஒருங்கே காணாவிடில் கதையே நடவாது. நுட்பத்தைக் கதை கேட்டது, நுட்பம் கொடுத்தது.

1942-இல் மனோன்மணி. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட கவிதை நாடகம், படிப்பதற்கென்றே எழுந்தது. அதனைப் பெரும் பொருட்செலவில் படமாக்கத் துணிந்தமை போற்றற்குரியது. எனினும் அகவல் நடையில் திளைத்த செவிக்கு அரண்மனைத் தூண்கள் எத்தனை எழுப்பினும் ஈடாகா என்பது என் கருத்து. போர்க்காலத்துப் படமாகிய பர்மா ராணியை இங்கே பெயரளவில் சுட்டிச் செல்கிறேன்.

நாதகுத்தனாரின் குண்டலகேசியில் நமக்குக் கிடைத்தவை 19 பாடல்களே. ஆயினும் நீலகேசி உரையின் துணையால் கதை தப்பியது. கள்வனைக் காதலித்து மணந்தவள், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றவனை வலம் வருவதுபோல் வந்து தள்ளிவிடும் கதை அது. அதனைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய நாடகமே 1950-இல் மந்திரி குமாரி எனும் படமாயிற்று. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத் தொடங்கி, அவர் தாயகம் திரும்பவே, எஞ்சியதைச் சுந்தரமே முடித்தார். வணிகன் மகள் அமைச்சன் மகளானாள். கள்வன் இராசகுருவின் மகனானான். சமயவாதம் ஒதுங்கி அரசியல்வாதம் முன்வந்தது. புலவர் சிலர் இதனைக் குறை கூறலாம். நான் கூறேன். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் பாட்டோடு எஸ்.ஏ. நடராசனும் மாதுரி தேவியும் மலையேறும்போது, அரங்கில் இருப்போர்க்குக் கேமராவின் நினைவே எழுவதில்லை. நுட்பம் அறிந்தவர் அதனை அடக்கி வைத்ததே அக்காட்சியின் வலிமை. ஏட்டில் அழிந்த காப்பியம் டூரிங் கொட்டகையின் மணல்மேட்டில் அமர்ந்திருந்த உழவர்க்கும் நெசவாளர்க்கும் அவ்வாறு சென்று சேர்ந்தது.

அதே ஆண்டில் பாரதிதாசனாரின் எதிர்பாராத முத்தம் பொன்முடியாக வந்தது. 1952-இல் பாவேந்தர் எழுத்திலேயே வளையாபதி வந்தது. இது மந்திரி குமாரியின் புகழைப் பெறவில்லை. காரணம் பாவேந்தரோ கருவியோ அல்லர் என்றே நினைக்கிறேன். வளையாபதியில் எஞ்சிய எழுபத்துச் சொச்சம் பாடல்கள் பெரும்பாலும் அறவுரைகள். கதையோ பிற்கால வைசிய புராணத்திலிருந்து ஐயத்தோடு பெறப்படுவது. குண்டலகேசியில் பாட்டு போய்க் கதை நின்றது. வளையாபதியில் கதை போய்ப் பாட்டு நின்றது. திரைக்கு எது வேண்டும் என்பதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் அறிவர்.

அதே 1952-இல் அமெரிக்கருடன் கூட்டாக எடுத்த 'தி ஜங்கிள்' படத்துக்காக யானைகளுக்கு உரோமப் போர்வை போர்த்தி, பண்டைய மாமத விலங்குகளாகக் காட்டினர். முயற்சி பெரிது, கதை சிறிது. இன்று அது வேடிக்கையாகவே நினைக்கப்படுகிறது.

அவ்வனுபவம் வீண் போகவில்லை போலும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தைக் கேவாகலரில் எடுக்க முனைந்தபோது அவர் தேர்ந்தது, குழந்தையும் அறிந்த அலிபாபா கதை. 1956 பொங்கலன்று வெளிவந்த அப்படத்தில், குகைக்கதவு திறந்து பொற்குவியல் தெரியும் காட்சிக்கு வண்ணம் இன்றியமையாதது. 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமாகிய கண்டம் பெச்ச கோட்டும் அவர் இயக்கியதே.

நம்மவர்க்கு அவர் செய்த மற்றோர் உதவியும் உண்டு. மருதகாசியைத் திரைப்பாடலுக்கு அழைத்து வந்தது அந்நிலையம். கண்ணதாசன் அங்கிருந்து வெளிவந்த சண்டமாருதம் இதழில் பணியாற்றினார். ஊதியம் பெற்றுச் சொல் விளைத்தவர்களுக்குச் சேலத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன.

1963 ஆகஸ்டில், 56 வயதில், சுந்தரம் காலமானார். அவர் மைந்தர் சில காலம் நடத்திய நிலையம் பின்னர் மூடப்பட்டது. படத்தளங்கள் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. ஏற்காட்டுச் சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கின்றது.