மைக்கை மறுத்த மிருதங்கம்: பாலக்காடு மணி ஐயரின் பிடிவாதம் எதற்காக?

1912 ஜூன் 26. குஸ்தாவ் மாலரின் ஒன்பதாவது சிம்பொனி வியன்னாவில் முதல்முறையாக ஒலித்தது. நடத்தியவர் புரூனோ வால்ட்டர். மாலர் அதற்கு ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார். அதே ஜூன் மாதத்தில்தான் பாலக்காட்டை ஒட்டிய பழயன்னூரில் ராமசாமி என்கிற மணி பிறந்தார். ரெண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தேதிகளை அடுக்கிப் பார்க்கும் தொழில் புத்தியில் கண்ணில் பட்ட தற்செயல், அவ்வளவுதான். ஆனா இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், புகழின் உச்சத்தில் இருந்த ஒருவர் மைக் வைத்த மேடையில் ஏறமாட்டேன் என்று நின்றது ஏன் என்பது கொஞ்சம் புரிகிறது.

அப்பா சேஷம் பாகவதர் பாடகர். மணி முதலில் சாத்தபுரம் சுப்பய்யரிடம் மிருதங்கம் கற்றார். பதின்வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைச் சென்னை மேடைகளுக்கு அழைத்துவந்தார். பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயிற்சி. பக்கவாத்தியக்காரரின் பெயருக்காகவே கூட்டம் வரும் நிலை அவர் காலத்தில் வந்தது. 1966-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

தனி ஆவர்த்தனத்தில் என்ன நடக்கிறது?

கச்சேரியின் முக்கியமான பாட்டு முடியும் இடத்தில் பாடகரும் வயலினும் ஒதுங்கிக்கொள்வார்கள். பலர் காபி குடிக்க எழுந்து போகும் நேரம் அது (போகாதீங்க). ஆதி தாளம் என்றால் 8 எண்ணிக்கை. முதலில் ஒவ்வொரு எண்ணிக்கையும் நான்காகப் பிரியும், நிதானமாக. பிறகு அதே எண்ணிக்கைக்குள் மூன்று, அல்லது ஐந்து. தாளம் மாறவில்லை, ஆனால் காலுக்குக் கீழே தரை நகர்வது போலிருக்கும். கடமோ கஞ்சிராவோ உடன் இருந்தால் ‘குறைப்பு’ வரும்: ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில், ஒவ்வொரு சுற்றிலும் அளவு சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் மோரா, மூன்று முறை கோர்வை. அது முடியும் கணத்தில் பாட்டு விட்ட இடத்திலேயே மறுபடி தொடங்கும்.

மாலரின் ஒன்பதாவதும் கிட்டத்தட்ட 80 நிமிடக் கட்டடம். நான்கு பகுதிகள், முதலும் கடைசியும் மெதுவானவை, நடுவில் நாட்டுப்புற நடனமும் கசப்பான கிண்டலும். ஆனால் அது வீடு திரும்புவதில்லை. ஆரம்பித்த சுருதியிலிருந்து அரை ஸ்வரம் கீழே போய் முடிகிறது. கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டும் மிஞ்சி, இடைவெளிகள் நீண்டு, ஒலி மங்கிக் கரைகிறது. தனி ஆவர்த்தனம் தருவது வந்துசேர்ந்த நிம்மதி. இது தருவது பிரிவு. இரண்டுக்குமே மெல்லிய ஒலியும் மௌனமும் கேட்கும் ஒரு அரங்கம் வேண்டும்.

மணி ஐயர் வாசிப்பின் பலமும் அங்கேதான். பாட்டின் சொற்களுக்கு இடையே எங்கே வாசிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். இடது பக்கத் தொப்பியிலிருந்து எழும் கும்கி, அடித்த பிறகும் நீளும் நாதம். ஒலிபெருக்கி அதையெல்லாம் ஒரே அளவுக்கு ஊதிப் பெரிதாக்கியது. எனவே 1960களில் மைக் இருந்தால் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பெரிய சபாக்களில் அது சுலபமான நிபந்தனை இல்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கு என்ன கேட்கும் என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பிடிவாதத்தின் விலையை ரசிகர்களும் கொடுத்தார்கள்.

அந்த நாதம் அவர் கையில் மட்டும் பிறந்ததும் இல்லை. தஞ்சாவூரில் அவருக்கு மிருதங்கம் செய்தவர் பர்லாந்து, தலித் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மாட்டுத்தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, இறுக்கி, மணி ஐயர் தேடிய ஒலிக்காகப் பல ஆண்டுகள் கூடவே பரிசோதனை செய்தவர். மேடையில் அவருக்கு இடமில்லை. டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-ல் வந்த பிறகுதான் அந்தக் குடும்பத்தின் பெயர் பரவலாகப் பேசப்பட்டது. பெண் பாடகர்களுக்கு வாசிப்பதையும் மணி ஐயர் நெடுங்காலம் தவிர்த்தார்; அதை மாற்றியது டி.கே. பட்டம்மாளின் கச்சேரி. எந்த மேதைமையும் இதற்குச் சமாதானம் ஆகாது.

1965-ல் எடின்பரோ விழாவில் பாலக்காட்டுக்காரரான கே.வி. நாராயணசாமிக்கு வாசித்தார். பின்னாளில் ரிஷி வேலி பள்ளியில் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார். 1981 மே மாதம் மறைந்தார். இன்று அவரைக் கேட்க நமக்கு இருப்பது மைக் பிடித்துவைத்த ஒலிப்பதிவுகள்தான். ஹெட்போன் போட்டு, வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடது கையை மட்டும் கவனித்துப் பாருங்கள்.