உள்ளா? வெளியா?

தரையில் சாக்கட்டியால் ஒரு வளையம் போடுங்கள். உள்ளே எது, வெளியே எது? சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும். அதையே கணக்குப்படி நிரூபிக்க முனைந்தார் ஒரு மேதை. அவர்தான் காமில் ஜோர்தான்.

1838-ல் பிரான்சு நாட்டில் லியோன் நகரில் பிறந்தார். படித்தது இன்ஜினீயர் படிப்பு. மனம் போனதோ கணிதத்தில்!

1887-ல் வெளிவந்த தமது நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு மூடிய கோடு எவ்வளவு நெளிந்தாலும், தன்னைத்தானே வெட்டாதவரை, தாளை இரண்டாகத்தான் பிரிக்கும் என்று நிறுவினார்.

1905-ல் அமெரிக்கரான வெப்லன் அதில் குறை கண்டார். வேறு நிரூபணம் எழுதினார். 2007-ல் ஹேல்ஸ் என்ற அறிஞர் அதை மீண்டும் ஆராய்ந்தார். ஜோர்தான் மீது பெரிய தவறு இல்லை என்றார்.

ஜோர்தானுக்கு ஆறு மகன்கள். மூவரை முதல் உலகப் போர் பலி கொண்டது. அந்தத் துயரத்திலும், 1885 முதல் நடத்திவந்த கணித இதழை அவர் கைவிடவில்லை. 1922-ல் இறக்கும்வரை அதன் ஆசிரியராக இருந்தார்.

1984-ல் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' வந்தது. அச்சுப் பக்கத்தை வரைந்து தரும் கம்ப்யூட்டர் மொழி அது. எந்தப் புள்ளியில் மை பூசுவது? அதிலுள்ள இரு விதிகளில் ஒன்று எளியது.

புள்ளியிலிருந்து வெளியே ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். அது எல்லைக் கோட்டை எத்தனை முறை தாண்டுகிறது? ஒற்றைப்படை என்றால் மை. இரட்டைப்படை என்றால் வெள்ளை.

சைபரின் வளையம் கறுப்பாக விழுகிறது. நடுப்பகுதி வெள்ளையாக நிற்கிறது. உள்ளா, வெளியா என்ற அதே கேள்விதான் அங்கேயும்!