கல்லிலே கணக்கு எழுதிய மன்னர்

சுந்தர சோழரின் இளைய மகன் அருள்மொழி. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டார். ஆயினும் அருள்மொழி உடனே அரியணை ஏறவில்லை. சிற்றப்பா முறையான உத்தம சோழர் ஆள வழிவிட்டார். 985-ம் ஆண்டில்தான் முடி சூடினார். அவரே ராஜராஜ சோழன்.

அவர் சேரரையும் பாண்டியரையும் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணக்குத் திறமையைத்தான் யாரும் அதிகமாகப் பேசுவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் நிறைவு பெற்றது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை வரவழைத்துத் தஞ்சையில் குடியமர்த்தினார். பிறந்த ஊரை விட்டு வர அவர்களுக்கு மனம் இருந்ததா? கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது! ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனாருக்கு 2 பங்கு. அளப்பதற்கு, இறைவன் பெயரால் 'ஆடவல்லான்' என்ற மரக்கால்.

இன்று இத்தகைய கணக்கைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதனிடம் கேள்வி கேட்கும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். ஒரு பட்டியலில் ஆளும் வேலையும். இன்னொன்றில் வேலையும் பங்கும். இரண்டிலும் பொதுவாக உள்ள வேலையின் பெயரைக் கொண்டு அவற்றை இணைப்பதுதான் 'ஜாயின்'. பங்கை 100-ஆல் பெருக்கு என்ற விதியை நாமே எழுதி, 'நெல்லளவு' என்று பெயர் வைத்தால் அது 'ஃபங்ஷன்'. பெயரைச் சொன்னால் போதும், 400 பேருக்கும் கணக்குப் போட்டுவிடும். அளவு மாறினால் விதியை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு பட்டியலில் 'நட்டுவம்' என்றும் மற்றதில் 'நட்டுவர்' என்றும் எழுதிவிட்டால் இரண்டும் சேராது. அந்த ஆளின் வரியே காணாமல் போகும். அவர் வீட்டுக்கு நெல் போகாது! ஆட்களின் பட்டியலை முதலில் வைத்து 'லெஃப்ட் ஜாயின்' போட்டால் ஆள் விடுபடமாட்டார். பங்கு மட்டும் வெறுமையாக நிற்கும். பிழை கண்ணில் பட்டுவிடும்.

ராஜராஜனுக்கும் இந்தக் கவலை இருந்தது. பங்கு பெற்றவர் இறந்தாலோ, வேற்றூர் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். அதையும் கல்லிலே வெட்டி வைத்துவிட்டு, 1014-ல் அவர் மறைந்தார்.