எழுத்துகளை எண்ணியவர்: ஆல்பிரட் பட்ஸ்

ஆங்கில எழுத்துகளில் ஏ, இ, டி ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவகையாக அடுக்கினால் தேநீரைக் குறிக்கும் 'டீ' கிடைக்கிறது. இடம் மாற்றினால் உண்பதைக் குறிக்கும் 'ஈட்' வருகிறது. மறுபடியும் மாற்றினால் உண்டு முடித்ததைச் சொல்லும் 'ஏட்' வருகிறது. ஏ, டி என்னும் இரண்டு மட்டும் மிஞ்சினாலும் அதிலும் ஒரு சொல் உண்டு.

இப்படிக் கைக்கு வந்த எழுத்துகளைக் கொண்டு சொல் காண்பது ஆங்கிலேயரிடையே நெடுங்காலமாக இருந்து வந்த பொழுதுபோக்குதான். ஆனால், அதற்கு ஒரு பலகையும் கணக்கும் ஒழுங்கும் தந்து, உலகமே விளையாடும் ஸ்கிராபல் விளையாட்டாக வளர அடித்தளமிட்டவர் ஒருவர். அவர்தாம் ஆல்பிரட் மோஷர் பட்ஸ். நம்மில் பலர் பள்ளி நாள்களில் அந்தப் பலகையின் முன் அமர்ந்திருப்போம். எனினும், அதன் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர் சிலரே.

இளமையும் வேலையிழப்பும்

பட்ஸ் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதிக்கரையில் உள்ள பொகிப்சி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். தாயார் பள்ளி ஆசிரியை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 1924இல் பட்டம் பெற்றார். அவர் மொழியறிஞர் அல்லர். ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றி எழுதுவதில் தமக்குத் தேர்ச்சி குறைவு என்பதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டவர்.

படிப்புக்கு ஏற்ற வேலை கிடைத்தது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில், ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் மனைவி நீனாவுடன் குடியிருந்தார். 1929இல் பங்குச் சந்தை சரிந்தது. கட்டடம் கட்டுவோர் இல்லாமற்போனபின் கட்டடக் கலைஞருக்கு வேலை ஏது? 1931இல் பட்ஸ் வேலையை இழந்தார். அப்பொழுது அவருக்கு வயது 32. பட்டம் இருந்தது, திறமையும் இருந்தது, ஆனால், இரண்டையும் கேட்பார் இல்லை.

எண்ணத் தொடங்கினார்

வேலையில்லாத அந்த நாள்களில் ஒரு விளையாட்டை உருவாக்கி விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆனால், அவர் உடனே மரத்தையும் அட்டையையும் வெட்ட உட்காரவில்லை. முதலில், மக்கள் விளையாடும் விளையாட்டுகளை எல்லாம் ஆராய்ந்து மூன்று வகையாகப் பிரித்தார். பகடை, பிங்கோ போன்ற எண் விளையாட்டுகள் ஒருவகை. சதுரங்கம் போன்ற காய் நகர்த்தும் விளையாட்டுகள் இன்னொரு வகை. சொல் விளையாட்டுகள் மூன்றாம் வகை. பகடையில் அதிர்ஷ்டமே எல்லாம். சதுரங்கத்தில் திறமையே எல்லாம். இரண்டும் கலந்த ஒன்றை மக்கள் விரும்புவார்கள் என்பதே அவருடைய முடிவு.

அடுத்து எழுந்த கேள்விதான் முக்கியமானது. எந்த எழுத்தில் எத்தனை கட்டைகள் வேண்டும்? எல்லா எழுத்தையும் சம அளவில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். கையில் க்யூ, எக்ஸ், இசட் சேர்ந்துவிட்டால் எவராலும் ஒரு சொல்லும் அமைக்க இயலாது. எட்கர் ஆலன் போ எழுதிய 'தங்க வண்டு' என்னும் கதையில், எந்த எழுத்து மிகுதியாக வருகிறது என்பதை வைத்து ஒரு மறைமொழி அவிழ்க்கப்படும். அக்கதை பட்ஸுக்கு வழிகாட்டியது என்பர்.

அவர் நியூயார்க் டைம்ஸ் முதலான நாளிதழ்களின் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கணினி இல்லாத காலம். தாளும் பென்சிலும் பொறுமையும் மட்டுமே துணை. அந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்ததே இன்றும் நாம் காணும் பங்கீடு. மொத்தம் 100 கட்டைகள். அவற்றுள் இரண்டு வெற்றுக் கட்டைகள். மிகுதியாக வரும் இ என்னும் எழுத்துக்கு 12 கட்டைகள், ஆளுக்கு ஒரு புள்ளி. அரிதாக வரும் க்யூவுக்கும் இசட்டுக்கும் ஒவ்வொரு கட்டைதான். ஆனால், 10 புள்ளிகள்.

ஓரிடத்தில் மட்டும் அவர் தம் எண்ணிக்கையை வேண்டுமென்றே மீறினார். எஸ் என்னும் எழுத்து ஆங்கிலத்தில் நிறையவே வரும். ஆயினும், அதற்கு நான்கு கட்டைகளே கொடுத்தார். எதிராளி வைத்த சொல்லின் கடைசியில் ஓர் எஸ்ஸைச் சேர்த்துப் பன்மையாக்கிப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போவது எளிதாக இருக்கக்கூடாது என்பதே காரணம்.

மறுப்புகளும் மரக்கட்டைகளும்

முதலில் அவர் வைத்த பெயர் 'லெக்ஸிகோ'. அதில் பலகை கிடையாது. 1938இல் குறுக்கெழுத்துப் புதிரின் அமைப்பைச் சேர்த்துப் பலகையை உருவாக்கினார். சொற்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் 'கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்' உருவானது. கட்டட வரைபடம் வரையும் கருவிகளாலேயே கட்டங்களை வரைந்து, படியெடுத்து, அட்டையில் ஒட்டினார். மரக்கட்டைகளையும் கையாலேயே செய்து தெரிந்தவர்களுக்கு விற்றார். இலாபம் ஒன்றும் இல்லை.

பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி ஆகிய பெரிய விளையாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பினார். இரண்டும் வேண்டாம் என்றன. காப்புரிமை கேட்டும் கிடைக்கவில்லை. இதற்கிடையே பழைய நிறுவனத்திலேயே மீண்டும் வேலை கிடைத்தது. பட்ஸ் கட்டடப் பணிக்குத் திரும்பினார். விளையாட்டு, நண்பர்களின் வீடுகளோடு நின்றது. வீட்டில் விளையாடினாலும் வெல்பவர் பெரும்பாலும் நீனாதான். அவர் ஒரு காலத்தில் பட்ஸுக்கே ஆசிரியையாக இருந்தவர் ஆயிற்றே!

ஒரு பெட்டிக்கு மூன்று சென்ட்

பட்ஸ் கையால் செய்த பெட்டிகளுள் ஒன்றை வைத்திருந்தவர் ஜேம்ஸ் புரூனோ. இவர் 1948இல் தயாரிப்பு உரிமையைக் கேட்டுப் பெற்றார். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ஒரு சிறு தொகை என்பது ஒப்பந்தம். புரூனோ பலகையின் சிறப்புக் கட்டங்களை மாற்றியமைத்தார், விதிகளை எளிதாக்கினார், ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளிகள் கூடுதல் என்றார், ஸ்கிராபல் என்று பெயரிட்டார். ஆனால், பட்ஸ் எண்ணி வகுத்த எழுத்துப் பங்கீட்டை அவர் அப்படியே விட்டுவிட்டார். அதில் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தயாரிப்பு நடந்தது. 1949இல் ஏறக்குறைய 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நட்டமடைந்தார் புரூனோ. 1952இல் நிலைமை மாறியது. மேசிஸ் பேரங்காடியின் தலைவர் விடுமுறையில் இதை விளையாடிப் பார்த்து, தம் கடையில் இல்லையே என்று வியந்து வாங்கச் சொன்னார் என்பர். 1954ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 4 மில்லியன் பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன.

பட்ஸுக்குக் கிடைத்தது ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 3 சென்ட். அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. வந்ததில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று. ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுத்தார். எஞ்சிய பங்கில் நிறைவாக வாழ்ந்தார். கட்டடப் பணியையும் விடவில்லை. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், 93ஆம் வயதில் மறைந்தார்.

காலம் ஒரு கணக்கை நேர்செய்தது. அவரை மறுத்த மில்டன் பிராட்லி, பார்க்கர் பிரதர்ஸ் ஆகிய இரண்டையும் பின்னாளில் வாங்கிய ஹாஸ்ப்ரோ நிறுவனமே, 1989இல் வட அமெரிக்காவில் ஸ்கிராபலின் உரிமையாளர் ஆயிற்று.

சின்னஞ்சிறு சொற்களின் வலிமை

ஸ்கிராபலில் நீண்ட சொல் தெரிந்தவரே வெல்வார் எனப் புதியவர்கள் நினைப்பதுண்டு. உண்மை வேறு. பட்ஸ் அமைத்த பலகையில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லை ஒட்டி வைத்தால், தொடும் இடமெல்லாம் புதிய சொல்லாக அமைய வேண்டும். அங்கேதான் ஈரெழுத்துச் சொற்கள் உதவுகின்றன. செங்கற்களைப் பிணைக்கும் சாந்து போல அவை நீண்ட சொற்களை இணைக்கின்றன. பன்னாட்டுப் போட்டிகளுக்குரிய காலின்ஸ் பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இத்தகைய ஈரெழுத்துச் சொற்கள் 127. சீன மொழியிலிருந்து வந்து உயிராற்றலைக் குறிக்கும் 'சீ' அவற்றுள் ஒன்று. க்யூ, ஐ என்னும் இரண்டே எழுத்துகள். அதில் 10 புள்ளி எழுத்தும் அடக்கம்.

இதனால்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் இதில் உலகை வெல்கிறார்கள். 2003ஆம் ஆண்டு உலகப் போட்டி நம் கோலாலம்பூரில் நடைபெற்றது. பட்டம் வென்றவர் தாய்லாந்தைச் சேர்ந்த பானுபோல் சுஜ்ஜயகோர்ன். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறிய நைஜல் ரிச்சர்ட்ஸ், ஆங்கில உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்றதோடு, பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே அம்மொழிச் சொற்பட்டியலை மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு மொழிப் பட்டத்தையும் வென்றார்.

பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத காலம் எவருக்கும் வரலாம். நம்மில் சிலருக்கும் வரக்கூடும். பட்ஸ் அந்தக் காலத்தைப் புலம்பிக் கழிக்கவில்லை. எல்லாரும் படித்துவிட்டு எறியும் செய்தித்தாளில், எவரும் பாராத ஒன்றைப் பார்த்தார், அலுக்காமல் எண்ணினார். பயன் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெருஞ்செல்வமும் சேரவில்லை. ஆனால், அன்று குவீன்ஸில் ஒரு வீட்டில் அவர் போட்ட கணக்கை வைத்துத்தான் இன்றும் உலகம் விளையாடிக்கொண்டிருக்கிறது.