டாக்காவில் பிறந்த கணக்கு: பேராசிரியர் சத்தியேந்திரநாத் போஸ்

விஞ்ஞானத்தின் பெரும் கண்டுபிடிப்புகள் யாவும் செல்வந்த நாடுகளின் ஆய்வுகூடங்களிலேயே பிறக்கின்றன என்ற எண்ணம் நம்மவர் மனங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. அந்த எண்ணத்தை 1924ஆம் ஆண்டிலேயே பொய்ப்பித்துக் காட்டியவர் சத்தியேந்திரநாத் போஸ். ஒளியைச் சொட்டுகளாகக் கொண்டு ஆராயும் இன்றைய சொட்டு ஒளியியல் துறையில், அவர் வகுத்த எண்ணும் முறையைத் தவிர்த்துவிட்டு எவராலும் ஓரடியேனும் எடுத்து வைக்க முடியாது.

1894 ஜனவரி 1ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்த போஸ், ரயில்வே ஊழியர் ஒருவரின் புதல்வர். பிரெசிடென்சிக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய மேதைகளிடம் பயின்றார். 1915இல் முதுமாணிப் பரீட்சையில் அவர் முதலிடம் பெற, பின்னாளில் வானியற் பௌதிகத்தில் புகழ் பூத்த மேகநாத் சாகா இரண்டாமிடம் பெற்றார். இவ்விரு நண்பர்களும் சார்புக் கொள்கை பற்றிய மூலக் கட்டுரைகளை ஜேர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்த்தனர். 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

வங்காளப் பிரிவினை 1911இல் இரத்துச் செய்யப்பட்டதை அடுத்து, கிழக்கு வங்காள முஸ்லிம் தலைவர்கள் விடுத்த கோரிக்கையின் பயனாக 1921இல் டாக்காப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அவ்வாண்டே போஸ் அங்கு பௌதிகவியல் ரீடராகப் பொறுப்பேற்றார். மாணவருக்குக் கதிர்ப்பு பற்றிய பிளாங்கின் விதியைக் கற்பிக்க முற்பட்டபோது அவருக்கு ஒரு நெருடல் ஏற்பட்டது. அந்த விதியின் நிறுவல், பழைய அலைக் கொள்கையையும் புதிய சொட்டுக் கொள்கையையும் கலந்து நின்றது. தாம் ஏற்காததை மாணவர் ஏற்குமாறு கூற அவர் விரும்பவில்லை. ஒளிச்சொட்டுகளை மட்டுமே கொண்டு அவ்விதியைப் புதிதாக நிறுவினார்.

அவர் செய்தது என்ன? இரண்டு பந்துகளை இரண்டு பெட்டிகளில் இடுவதாகக் கொள்வோம். பந்துகள் வேறுபிரித்து அறியக்கூடியவையாயின் நான்கு வகையாக இடலாம். அவற்றுள் இரண்டில் இரு பந்துகளும் ஒரே பெட்டியில் அமையும். பந்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியவே முடியாதெனின் வகைகள் மூன்றாகக் குறைகின்றன. அம்மூன்றையும் சமமாக மதித்தால், இரண்டும் ஒன்றாகச் சேரும் வாய்ப்பு பாதியிலிருந்து மூன்றில் இரண்டாக உயர்கின்றது. ஒளிச்சொட்டுகள் இத்தகையவை என்பதே போஸின் கணக்கின் உட்பொருள். பார்வைக்கு எளிமையான இந்த எண்ணும் முறை, பௌதிகவியலின் அடிப்படையையே மாற்றியது.

ஆனால், பிரித்தானிய சஞ்சிகையொன்றுக்கு அவர் அனுப்பிய கட்டுரை அங்கு வெளிவரவில்லை. முப்பது வயதான, வெளியுலகம் அறியாத அந்த ஆசிரியர் சோர்ந்துவிடவில்லை. 1924 ஜூன் மாதம் அதனை நேரடியாக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பி வைத்தார். அதன் சிறப்பை உணர்ந்த ஐன்ஸ்டைன், தாமே ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அத்துடன் நில்லாது, அதே கணக்கை அணுக்களுக்கும் விரித்து, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் திரளாக ஒரே நிலையில் ஒடுங்கும் என எதிர்வுகூறினார்.

ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகள் கழித்து, பரிஸில் லாங்ஜெவின் போன்றோரையும் பேர்லினில் ஐன்ஸ்டைனையும் கண்டபின், 1926இல் போஸ் டாக்கா திரும்பினார். கலாநிதிப் பட்டம் பெறாத அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைப்பதற்கு ஐன்ஸ்டைனின் பரிந்துரை துணை நின்றது. அவரது துறையில் இடம்பெற்றவர்களை நாம் இங்கு நினைவுகூருதல் தகும். இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் 1928 முதல் 1933 வரை அங்கு பணியாற்றிப் பளிங்குகளின் காந்த இயல்புகளை ஆராய்ந்தார். காசி மோதாகர் ஹுசைனை, புள்ளிவிபரவியல் பயிலுமாறு ஊக்குவித்தவர் போஸ். ஹுசைனே பின்னாளில் டாக்காவில் அத்துறையை நிறுவினார். அறிவுக்கு இனமும் மதமும் வேலியல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

1945இல் கல்கத்தா திரும்பிய போஸ், 1948இல் வங்காள விஞ்ஞானக் கழகத்தை நிறுவி, வங்காள மொழியில் விஞ்ஞான சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினார். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்போரின் வாதத்தை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை. 1954இல் பத்மவிபூஷண் விருதும் 1958இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்புரிமையும் அவரை வந்தடைந்தன. 1974 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் காலமானார்.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் அவரது கணக்கைப் பின்பற்றும் துணிக்கைகளுக்கு டிராக் 'போசோன்' எனப் பெயரிட்டார். ஒளிச்சொட்டுகள் கூட்டமாக வந்துசேரும் இயல்பை 1956இல் ஹன்பரி பிரவுனும் ட்விஸும் பரிசோதனையில் கண்டனர். ஐன்ஸ்டைன் எதிர்வுகூறிய ஒடுக்கம் 1995இல் அமெரிக்காவில் ருபீடியம் அணுக்களில் மெய்ப்பிக்கப்பட்டது. அப்பணிக்கு 2001இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2010இல் ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு, ஒளிச்சொட்டுகளையே அவ்வாறு ஒடுங்கச் செய்தது. போஸ் எதனை எண்ணத் தொடங்கினாரோ, அந்த ஒளியிலேயே அவரது பெயர் நிலைபெற்றது.

போஸ் பெரும் எண்ணிக்கையில் கட்டுரைகளை எழுதிக் குவித்தவரல்லர். தமது கண்டுபிடிப்பைத் தாமே தொடர்ந்து விரித்துச் செல்லவில்லை என்ற குறையும் கூறப்படுவதுண்டு. அது முற்றிலும் தவறெனவும் கூறவியலாது. ஆயினும் அந்தக் கண்டுபிடிப்பு வகுப்பறையில் எழுந்த ஐயத்திலிருந்தே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நமது பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்படுகின்றது. பரீட்சைக்கு மனனம் செய்வதுடன் நின்றுவிடாது, ஏன் எனக் கேட்கும் துணிவையும் அதே மொழியில் நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாயின், போஸின் பணிக்கு நாம் செலுத்தும் உரிய மரியாதை அதுவேயாகும்.