மாக்ஸ் முல்லரைத் தாங்கிய கைகள்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுப்பது நம் மரபு. இவற்றுள் சாத்திரதானம் என்றவுடன் ஏடெழுதுவித்து ஜினாலயத்திற்கு அளித்தலும், இக்காலத்தே நூலை அச்சிட்டு இலவசமாய் வழங்கலுமே நம் நினைவிற்கு வருகின்றன. அந்நூலை ஆராய்ந்து எழுதுபவர் எழுதி முடிக்கும் வரை எங்ஙனம் உண்டார், யாருடைய பொருளால் வாழ்ந்தார் என்று நாம் வினவுவதில்லை. இவ்வினாவை மனத்திற் கொண்டு, மாக்ஸ் முல்லர் பெருமகனாரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஜெர்மனியில் டெஸ்ஸௌ என்னும் சிறு நகரில் 1823 டிசம்பர் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வில்ஹெல்ம் முல்லர் புகழ் வாய்ந்த கவிஞர். ஷூபர்ட் என்னும் இசைமேதை அவருடைய பாடல்களுக்கு இசையமைத்துள்ளார். ஆயினும் 1827இல் தந்தையார் காலமானபோது மைந்தனுக்கு நான்கு வயதும் நிறையவில்லை. கைம்பெண்ணாகிய அன்னையார் குறைந்த வருவாயில் மக்கள் இருவரையும் வளர்த்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வடமொழி பயின்ற முல்லர், 1843இல் ஸ்பினோசாவின் அறவியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை பத்தொன்பது.

பட்டம் கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. பெர்லினில் சில காலம் பயின்று, 1845இல் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கே வடமொழிப் பேராசிரியர் யூஜின் பர்னூஃப், ரிக்வேதத்தைச் சாயனர் உரையுடன் முழுமையாகப் பதிப்பிக்குமாறு அவரைத் தூண்டினார். அதற்கு முன்னரே ரோசன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பணியைத் தொடங்கி, எட்டில் ஒரு பகுதியை மட்டும் ஆயத்தம் செய்து, 1837இல் 32ஆம் வயதில் மாண்டு போனார். அரைகுறையாய் நின்ற அப்பணியை மேற்கொள்ள முன்வந்த முல்லரிடமோ கைப்பொருள் இல்லை. பிற அறிஞர்களுக்காகச் சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்துக் கிடைத்த கூலியே அவருக்குச் சோறு. கூலிக்கு ஒரு படி, தமக்கு ஒரு படி என எழுதுவதற்காக ஓரிரவு முழுதும் கண் விழிப்பார். மறுநாள் சிறிதே துயில்வார். மூன்றாம் நாளே முழு உறக்கம். நம் முன்னோரும் விளக்கொளியில் ஏடெழுதியவர்களே. ஆனால் அவர்களிற் பலருக்கு எழுதுவித்தவர் ஒருவர் பின்னே இருந்தார். ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரோடு எழுதுவித்தவர் பெயரும் காணப்படுவதை வாசகர்கள் அறிவர். பாரிஸில் முல்லருக்கு அத்தகைய ஒருவர் வாய்க்கவில்லை.

1846இல், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நூலகத்திலுள்ள சுவடிகளை ஒப்பு நோக்குவதற்காகச் சில வாரங்கள் மட்டுமே தங்கும் எண்ணத்துடன் இங்கிலாந்து சென்றார். அங்குப் பிரஷ்ய நாட்டுத் தூதுவராய் இருந்த பன்சன் அவரை ஆதரித்தார். பன்சன் தம் இளமையில் இந்தியா சென்று வேதம் காண வேண்டுமென்று திட்டமிட்டு, அது நிறைவேறாது ஏமாந்தவர். தம்மால் இயலாததைச் செய்ய ஓர் இளைஞன் வந்து நிற்கின்றான் என்ற உவகையில், அவனை ஊர் திரும்ப விடாது தடுத்து, தம் பொருளை அளித்துத் தாங்கினார். அதனோடு நில்லாது, கம்பெனியின் நூலகரும் ஆக்ஸ்போர்டு வடமொழிப் பேராசிரியருமாகிய வில்சனுடன் சேர்ந்து கம்பெனியாரிடம் முயன்றார். 1847 ஏப்ரலில் கம்பெனி இசைந்தது. அச்சுச் செலவு முழுதும் கம்பெனியைச் சார்ந்தது. முல்லர் ஆண்டுதோறும் 50 பாரம் அச்சுக்கு ஆயத்தம் செய்து தரவேண்டும். அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம். பாரம் ஒன்றுக்கு நான்கு பவுன் எனக் கணக்கிட்ட அவ்வேற்பாட்டில் அருளைக் காட்டிலும் வணிகமே மிகுதி. எனினும், இருபத்து மூன்று வயது இளைஞர் நாளைய உணவைப் பற்றிய கவலை நீங்கித் தம் மேசையில் அமர அதுவே போதியதாயிற்று.

முதற்பாகம் 1849இல் வெளிவந்தது. ஆறாம் பாகம் வெளிவந்த ஆண்டு 1874. கால் நூற்றாண்டு! இதற்கிடையே 1858இல் கம்பெனி ஆட்சி முடிவுற்றது. செலவை இந்திய அமைச்சர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. வடமொழி முகப்பேட்டில் தம் பெயரை மோக்ஷமூலர பட்டர் என அவர் அமைத்துக்கொண்டது நம்மவர் பலருக்கு நகைப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே அளித்தது. இந்திய மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை.

ஆள்வோர் பொருளைப் பெற்றமையால் அவருக்கு நேர்ந்த பழியையும் மறைத்தல் முறையன்று. வேதத்தைத் தாம் வெளியிடுவது இந்துக்களின் சமய நம்பிக்கையை மாற்றும் எனத் தம் மனைவியாருக்கு அவர் எழுதிய கடிதத்தைக் காட்டி, அவரைக் கூலிக்கு அமர்ந்தவர் என்பார் இன்றும் உளர். கிறித்தவப் பற்று மிக்கவர்களோ, அவர் போதிய கிறித்தவர் அல்லர் என்று ஐயுற்றனர். 1860இல் ஆக்ஸ்போர்டு வடமொழிப் பேராசிரியர் தேர்தலில் மோனியர் வில்லியம்ஸ் 833 வாக்குகள் பெற, முல்லர் 610 பெற்றுத் தோற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும், பொருள் கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், அச்சேறிய மூலம் அனைவர்க்கும் பொதுவாயிற்று என்பதை மறுத்தல் அரிது.

1876இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒரு நற்செயல் புரிந்தது. முல்லரின் ஊதியத்தில் பாதியைத் துணைப் பேராசிரியர் ஒருவருக்கு அளித்து, அவரைப் பாடம் கற்பிக்கும் கடமையினின்று விடுவித்தது. அந்த ஓய்வில் உருவானதே 'கீழை நாட்டுப் புனித நூல்கள்' என்னும் 50 தொகுதிகளடங்கிய வரிசை. 1879இல் தொடங்கிய அதன் இறுதித் தொகுதியாகிய பொருளகராதி, அவர் மறைந்த பின்னர் 1910இல் வெளிவந்தது. இவ்வரிசையின் 22ஆம் தொகுதியாக 1884இலும், 45ஆம் தொகுதியாக 1895இலும் ஹெர்மன் ஜாகோபி மொழிபெயர்த்த சமண சூத்திரங்கள் வெளிவந்தன. சமணம் பௌத்தத்தின் கிளையன்று, தனித்த தொன்மையுடையது என ஜாகோபி நிறுவியதை மேலை உலகம் எங்கும் பரப்பியவை இத்தொகுதிகளே. பௌத்த நூல்கள் கூறும் நிகண்ட நாதபுத்தரே வர்த்தமான மகாவீரர் என்பது ஐயமற விளங்கிற்று. எனினும் ஆசாராங்கம், கல்பசூத்திரம், உத்தராத்தியயனம், சூத்திரகிருதாங்கம் ஆகிய அந்நான்கும் சுவேதாம்பர மரபின் நூல்கள். திகம்பர நூல் ஒன்றேனும் அவ்வைம்பதில் இடம்பெறவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்தும் செய்தி.

நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது ஜப்பானியரின் செயல். கியோத்தோ நகரின் கிழக்கு ஹொங்கன்ஜி பௌத்த மடம், நஞ்ஜோ, கசஹாரா என்னும் இளந்துறவியர் இருவரை வடமொழி பயில்வதற்காக 1876இல் தன் பொருளில் இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஆங்கிலம் கற்ற பின், 1879இல் அவர்கள் முல்லரிடம் வந்து சேர்ந்தனர். கசஹாரா நோயுற்று 1882இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே உயிர் நீத்தார். ஆசிரியர் மனம் நொந்து இரங்கலுரை எழுதினார். நஞ்ஜோ சீனத் திரிபிடகத்தின் பெயரடைவை 1883இல் முடித்து வெளியிட்டு, தாயகம் திரும்பி வடமொழி கற்பித்தார். அவர்களுக்குப் பின் வந்த தகாகுசு என்னும் மாணவர் மொழிபெயர்த்த சூத்திரம் புனித நூல் வரிசையின் 49ஆம் தொகுதியிலேயே இடம்பெற்றது. ஒரு மடம் தன் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிப் பல்லாண்டு தாங்கியதால், அச்சமயத்தின் நூல் அச்சமயத்தாராலேயே உலகிற்குச் சென்றது.

ரிக்வேதத்தின் இரண்டாம் பதிப்பிற்கு அரசாங்கம் பொருளளிக்க மறுத்தபோது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த விஜயநகரம் மன்னர் ஆனந்த கஜபதி ராஜு முன்வந்து செலவை ஏற்றார். நான்கு பாகங்களாய் அது 1890 முதல் 1892 வரை வெளிவந்தது. முதற்பதிப்பில் கம்பெனி நின்ற இடத்தில் இரண்டாம் பதிப்பில் நம் நாட்டவர் ஒருவர் நின்றார்.

1900 அக்டோபர் 28ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் முல்லர் காலமானார். அவர் சேர்த்த நூல்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் அழிந்தன. அவர் பெயரால் அன்பர்கள் பொருள் திரட்டி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு நினைவு நிதியை நிறுவினர். பண்டை இந்தியாவின் வரலாறு, மொழி, இலக்கியம், சமயம் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு உதவுவதே அந்நிதியின் நோக்கம்.